பரிசலில் போய்ப் பார்த்த காவிரி

(பெங்களூரில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் பேசியது)



பகல் எல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் கட்டட வேலை முடித்து வந்திருக்கிறீர்கள். சிலர் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். ஆகவே இன்று பாடம் வேண்டாம். நான் போய் வந்த ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்ற வாரம் இங்கே ஒரு சொல் படித்தோம். 'காவிரி' என்ற சொல். அப்போது ஓர் அம்மா கேட்டார்:

"எங்க தெருக் குழாயில காவேரித் தண்ணி வருது. அந்தக் காவேரி எங்க இருக்கு? யாராவது பார்த்திருக்கீங்களா?"

சிலர் மேட்டூரில் பார்த்திருந்தார்கள். சிலர் ஒகேனக்கலில் பார்த்திருந்தார்கள். ஒருவர் திருச்சியில் குளித்ததாகச் சொன்னார். ஆனால் பெங்களூருக்குப் பக்கத்தில் ஓடும் காவிரியை யாரும் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். பரிசலில் உட்கார்ந்து, இரண்டு நாள் அதன் மேலேயே போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் மேடு ஏறி வருகிறது

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. அந்தக் காலத்தில் ஏரிகளும் கிணறுகளும்தான் தண்ணீர் தந்தன. 1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி அணையிலிருந்து வந்தது. இந்த இரண்டும் அர்க்காவதி ஆற்றில் இருக்கின்றன. ஊர் வளர்ந்தது. அந்தத் தண்ணீர் போதவில்லை. 1974-இல் காவிரித் தண்ணீர் வந்தது.

காவிரி நமக்குத் தெற்கே, பள்ளத்தில் ஓடுகிறது. தண்ணீர் தானாக மேடு ஏறுமா? ஏறாது. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என்று மூன்று இடங்களில் பெரிய மோட்டார் வைத்து மேலே தள்ளுகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்று அறுபது மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது போன்றது இது. இரவு பகலாக நடக்கிறது. அப்படி ஏறி வந்த தண்ணீரைத்தான் நாம் குடத்தில் பிடிக்கிறோம்.

2024-ஆம் ஆண்டுக் கோடை நினைவிருக்கிறதா? ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்துக் கிடந்தோம். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. ஊரின் ஓரத்தில் உள்ள 110 கிராமங்களுக்கும் தண்ணீர் கொடுக்கத்தான் அந்தக் கட்டம்.

நமக்கு முதலில் வெளிச்சம் தந்ததும் காவிரிதான். சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அங்கே மின்சாரம் எடுத்து, 1902-இல் கோலார் தங்க வயலுக்குக் கம்பி இழுத்தார்கள். நம்மில் பலருடைய தாத்தாக்கள் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். 1905-இல் பெங்களூர்த் தெருக்களிலும் அந்த விளக்கு எரிந்தது.

சிவனசமுத்திரத்துக்குக் கீழே காவிரி காட்டுக்குள் நுழைகிறது. அந்தக் காட்டு வழியில்தான் நாங்கள் போனோம்.

பரிசல் என்றால் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். நண்பர்கள் நான்கு பேர் கிளம்பினோம். கனகபுரா, சாத்தனூர், ஹலகூர் வழியாகப் பஸ்ஸிலும் ஜீப்பிலும் பீமேஸ்வரி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து காலிபோரே. பிறகு சங்கமம். ஆற்று வழியில் இருபது கிலோமீட்டருக்கும் மேல். அது காவிரி வனவிலங்குச் சரணாலயம். 1987-இல் ஏற்பட்டது. ஆகவே வனத்துறையின் அனுமதி வாங்கித்தான் போனோம்.

இரண்டு பரிசல். இரண்டு பரிசல்காரர்கள். எங்கள் பரிசலை ஒரு பெரியவர் ஓட்டினார். அவருக்குக் கன்னடமும் வரும், தமிழும் வரும். எல்லைப் பக்கத்து மக்கள் பலர் அப்படித்தான்.

பரிசலைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய கூடை மாதிரி இருக்கும். வட்டமாக இருக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். அந்தக் காலத்தில் அதன் மேல் எருமைத் தோலை இழுத்துக் கட்டுவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் சுற்றித் தார் பூசுகிறார்கள்.

இது மிகப் பழைய வண்டி. ஏறத்தாழ 1520-இல் விஜயநகரத்துக்கு ஒரு போர்ச்சுக்கீசியப் பயணி வந்தார். அவர் பெயர் பயஸ். துங்கபத்திரையில் கூடை போன்ற தோல் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். குதிரையையும் மாட்டையும்கூட அதில் ஏற்றுவார்களாம்.

பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது? பெரியவரிடமே கேட்டேன்.

"தம்பி, இங்க எங்க பார்த்தாலும் பாறை. நீளப் படகு பாறையில இடிச்சா உடைஞ்சிடும். பரிசல் இடிச்சா சுத்திக்கிட்டு நழுவிப் போயிடும். ஆழம் கம்மியா இருந்தாலும் மிதக்கும். வழி இல்லேன்னா தலையில தூக்கி வச்சிக்கிட்டு நடந்துடலாம்."

ஏறும் முன்பு எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். எங்களில் ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியும், வேண்டாம்" என்றார். பெரியவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "போட்டாதான் பரிசல் நகரும்" என்றார். நண்பர் பேசாமல் போட்டுக்கொண்டார்.

ஆற்றைப் படித்தவர்

பரிசல் கிளம்பியது. பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தார். பரிசல் நேராகப் போனது.

"கொஞ்சம் கொடுங்க ஐயா" என்று நான் துடுப்பை வாங்கினேன். நான் போட்ட துடுப்புக்குப் பரிசல் ராட்டினம் போலச் சுற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கரையிலும் உயரமான மருத மரங்கள். வேர் தண்ணீருக்குள் இறங்கி இருந்தது. பாறை மேல் ஒரு முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடித்தன. மகசீர் என்று ஒரு மீன் உண்டு. கெண்டை இனம். நெற்றிக்குப் பின்னால் மேடு இருக்கும். ஆளின் எடைக்கு வளரக்கூடியது. காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் தவிர இந்த வகை வேறு எங்கும் இல்லை. இப்போது அது அழியும் நிலையில் இருக்கிறது.

பெரியவர் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. அவர் கண் எப்போதும் தண்ணீரிலேயே இருந்தது.

"எதை ஐயா பார்க்கிறீங்க?" என்றேன்.

"அதோ, வெள்ளையா நுரை தள்ளுது பாருங்க. அங்க ஆழம் இல்ல, கல்லு இருக்கு. இந்தப் பக்கம் கறுப்பா, சத்தம் இல்லாம இருக்கு. அது மடு. ஆழம். நடுவுல சின்னதாச் சுழிக்குதே, அதுக்கு அடியில ஒரு பாறை ஒளிஞ்சிருக்கு."

அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எல்லாம் வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. எழுத்துத் தெரியாதவருக்குப் புத்தகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு ஆறு இருந்தது.

தலையில் ஏறிய பரிசல்

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைவு. ஓர் இடத்தில் பாறைகள் வழியை அடைத்தன. நாங்கள் இறங்கினோம். பெரியவர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆமை ஒன்று இரண்டு காலில் நடப்பது போல இருந்தது. சோற்று மூட்டையையும் கூடாரத்தையும் நாங்கள் சுமந்தோம். வெயிலில் பாறை சுட்டது.

அப்போது, முன்பு நான் படித்தது நினைவுக்கு வந்தது. உலகத்தின் வடகோடியில், கனடா நாட்டின் வடக்கே, மரமே இல்லாத பனி நிலம் இருக்கிறது. ஆண்டில் பெரும் பகுதி அங்கே ஆறும் ஏரியும் உறைந்து கிடக்கும். கோடையில் சில வாரங்கள் மட்டும் தண்ணீர் ஓடும். நடுக்கோடையில் சூரியன் மறையாத நாட்களும் உண்டு. அந்தக் கோடையில் மக்கள் நீளமான சிறு தோணிகளில் வாரக்கணக்கில் பயணம் போகிறார்கள். ஓர் ஏரி முடிந்தால் தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கிறார்கள். அந்தப் பனி நாட்டின் பழங்குடி மக்களுக்கு இனுயிட் என்று பெயர். முன்பு எஸ்கிமோ என்பார்கள். அவர்கள் கடல்நாயின் தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள்.

நம் ஆள் எருமைத் தோலைக் கட்டினார். அவர்கள் கடல்நாய்த் தோலைக் கட்டினார்கள். இங்கே சுடும் பாறை. அங்கே பனி. ஆனால் படகைச் சுமந்து நடக்கும் வேலை ஒன்றுதான்.

இரவில் ஒரு கடிதம்

மாலையில் காலிபோரே முகாம் வந்தது. கூடாரம் அடித்தோம். சோறு சமைத்தோம். எதிர்க் கரையில் யானைகள் தண்ணீர் குடிக்க வந்தன. குட்டியை நடுவில் விட்டுப் பெரிய யானைகள் சுற்றி நின்றன. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் பார்த்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் என் பக்கத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"தம்பி, பேத்தி பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

அது கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் மெதுவாகப் படிக்க வரும். டார்ச் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். பிள்ளையின் மேல்படிப்பு பற்றிப் பேச வேண்டுமாம். தேதியைப் பார்த்தேன். கூட்டம் நடந்து முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்ல தம்பி. ஊருக்குப் போனதும் போய்ப் பார்த்துக்கறேன்" என்றார்.

ஆற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாறை அவருக்குத் தெரிந்தது. கையில் இருந்த தேதி தெரியவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வர நேரமாயிற்று.

சங்கமத்தில் ஒரு வாடை

மறுநாள் மதியம் சங்கமம் வந்தோம். இது பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இங்கே அர்க்காவதி ஆறு காவிரியோடு சேர்கிறது. சிவராத்திரி சமயத்தில் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகும் பக்தர்கள் இங்கேதான் காவிரியைக் கடக்கிறார்கள்.

பரிசல் அர்க்காவதியின் வாய்க்கு அருகே வந்தது. ஒரு வாடை அடித்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேலே நுரை மிதந்தது.

அந்த வாடை எனக்குப் பழக்கமான வாடை. எங்கே முகர்ந்தேன்? யோசித்தேன். மைசூர் ரோடு!

மைசூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஓரிடத்தில் மூக்கைப் பொத்துகிறோம் அல்லவா? அது சாக்கடை இல்லை. அது ஓர் ஆறு. அதன் பெயர் விருஷபாவதி. பசவனகுடியில், நந்தி கோவில் பக்கம் பிறந்த ஆறு என்று சொல்வார்கள். இன்று நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கழிவு அதில் ஓடுகிறது. சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் எல்லாக் கழிவும் அங்கே போய்ச் சேர்வதில்லை. விருஷபாவதி கெங்கேரி வழியாகப் போய், கனகபுரா பக்கம் அர்க்காவதியில் விழுகிறது. அர்க்காவதி இங்கே காவிரியில் விழுகிறது.

நான் மாகடி ரோடு பக்கம் குடியிருக்கிறேன். என் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் இந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். காவிரி நமக்கு நல்ல தண்ணீரை மேடு ஏறி வந்து தருகிறது. நாம் அதே காவிரிக்குக் கறுப்புத் தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறோம்.

அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. ஒகேனக்கலுக்குப் போகிறது. ஒகேனக்கலில் எடுக்கும் தண்ணீரை 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் கொடுக்கிறார்கள். சுத்தம் செய்துதான் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பவர்கள் யார்? நம் அம்மா, அப்பா, அக்கா, மாமா. நம்மில் எத்தனையோ பேர் அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்தானே!

காவிரிக்காக 1991-இல் இந்த ஊரில் கலவரம் நடந்தது. 2016-இலும் நடந்தது. கடைகள் எரிந்தன. பஸ்கள் எரிந்தன. எளிய மக்கள் பயந்து கிடந்தார்கள். எவ்வளவு தண்ணீர் என்றுதான் எல்லாரும் சண்டை போட்டார்கள். எப்படிப்பட்ட தண்ணீர் என்று யார் கேட்டோம்?

ஆடு தாண்டும் காவிரி

சங்கமத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே மேகேதாட்டு. கன்னடத்தில் 'மேகே' என்றால் ஆடு. 'தாட்டு' என்றால் தாண்டுவது. தமிழில் 'ஆடு தாண்டும் காவிரி' என்பார்கள். அவ்வளவு அகலமாக வந்த ஆறு, இங்கே பாறை இடுக்கில் ஒடுங்கிப் பாய்கிறது. பரிசல் அங்கே போகாது. பெரியவரும் எங்களோடு நடந்து வந்தார்.

'அபாயம், கீழே இறங்காதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். இங்கே எத்தனையோ பேர் உயிர் போயிருக்கிறது. பாறை வழுக்கும். உள்ளே சுழல் குடைந்த குழிகள் உண்டு. மேலே மழை பெய்தாலோ அணை திறந்தாலோ, இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

மூன்று இளைஞர்கள் வந்தார்கள். படித்த பிள்ளைகள். பலகையைச் சத்தமாகவே படித்தார்கள். சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கக் கீழே இறங்கினார்கள்.

பெரியவருக்குப் பலகை படிக்கத் தெரியாது. ஆனால் ஓடிப் போய்க் கத்தினார். கையைப் பிடித்து மேலே இழுத்தார். அவர்களுக்குக் கோபம். சற்று முன்பு அவர்கள் நின்ற பாறையைப் பெரியவர் காட்டினார். அதன் மேல் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. பிறகு அவர்கள் பேசவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே, இந்தப் பயணம் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தது. எழுத்துத் தெரியாவிட்டால் நஷ்டம். பேத்தியின் கடிதத்தில் அதைப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தும் அதன்படி நடக்காவிட்டால் அதைவிட நஷ்டம். மேகேதாட்டில் அதைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் சாக்கடைக் குழாய் உடைந்து, கழிவு எல்லாம் மழைநீர் ஓடும் ராஜகால்வாயில் போய்க்கொண்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அன்றுதான் அது காவிரிக்குப் போகிறது என்று தெரிந்தது.

தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து மனு எழுதினோம். கன்னடப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி. அதுவரை கைநாட்டு வைத்தவர். அன்று தன் பெயரை எழுதினார். மூன்று மனுவுக்குப் பிறகு குழாய் சரியானது.

நீங்களும் செய்யலாம். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் கால்வாயில் போடாதீர்கள். மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய் உடைந்தால் சொல்லுங்கள். பெங்களூர் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒன்பது, ஒன்று, ஆறு.

அந்தப் பெரியவர் பிரியும்போது சொன்னது: "தம்பி, நல்லாப் போய்ட்டு வாங்க. ஊர்ல சொல்லுங்க, கீழ நாங்களும் இருக்கோம்னு."

அதைத்தான் இன்று உங்களிடம் சொன்னேன்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? போய்ப் பார்த்து வாருங்கள்.
2. உங்கள் தெருவில் உள்ள அறிவிப்புப் பலகை ஒன்றைப் படித்து வந்து சொல்லுங்கள். அதன்படி மக்கள் நடக்கிறார்களா?
3. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.